கட்டாயம் நீங்கிய பறையே மருந்து

எங்கள் தெருவில் வைக்கோல் புகை வாடை வந்தாலே பிள்ளைகள் எல்லோரும் தெருமுனைக்கு ஓடுவோம். பெரியவர்கள் வட்டமாகக் குந்தியிருந்து, சிறு தீ மூட்டி, பறையின் தோலை அனலில் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார்கள். ஈரம் ஏறித் தொய்ந்து கிடக்கும் தோல் சூடு பட்டதும் விறைத்துக்கொள்ளும். ஒருவர் விரலால் சுண்டிப் பார்ப்பார். 'தொப்' என்றால் இன்னும் கொஞ்சம் அனல் வேண்டும். 'கணீர்' என்றால் எழுந்து தோளில் மாட்டிக்கொள்வார். மாலையில் காய்ச்சினால் சாமி கும்பிடு. நடுச்சாமத்தில் காய்ச்சினால் ஊருக்குள் யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

அந்த நடுச்சாமங்கள் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஊருக்குள்ளிருந்து ஆள் வருவார். வாசல் வரை வரமாட்டார். தெருமுனையில் நின்றே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எங்கள் பெரியப்பாவை அவருடைய பேரன் வயதுப் பையன்கூட 'வாடா' என்றுதான் கூப்பிட்டான். உடம்பு சுகமில்லை என்று சொல்ல முடியாது. போக வேண்டும். பாடை எழும்பும் வரை வெயிலில் நின்று அடித்துவிட்டு, துண்டில் முடிந்த அரிசியோடும் கொஞ்சம் சில்லறையோடும், வயிறு நிறையச் சாராயத்தோடும் திரும்புவார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொந்தப் பெயர் இருக்காது. 'கொட்டுக்காரன் வீட்டுப் பிள்ளை' என்பதே பெயர்.

அதே பெரியப்பா எங்கள் தெருக் காளியம்மன் கும்பிடில் அடித்தால் கிழவிகள்கூட உட்கார்ந்த இடத்தில் இருக்கமாட்டார்கள். சண்டை போட்டுப் பேசாமல் கிடந்த பங்காளிகள் ஒரே வரிசையில் நின்று ஆடுவார்கள். ஆள் ஒருவர்தான், பறையும் ஒன்றுதான். ஒரு நாள் அது எங்களைத் தலைகுனிய வைத்தது, இன்னொரு நாள் நிமிர வைத்தது. ஏன் அப்படி என்று அந்த வயதில் எங்களுக்கு விளங்கவில்லை.

இசையும் ஆட்டமும் மனக்காயத்தை ஆற்றும், பிரிந்தவர்களைச் சேர்க்கும் என்று இன்று மேடைதோறும் பேசுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் பறையின் கதையைத் தெரிந்தவர்கள் அந்தப் பேச்சோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

தோலும் கட்டையும்

மாணவர்களுக்காக முதலில் கருவியைச் சொல்லிவிடுவோம். வேப்ப மரத் துண்டுகள் மூன்றை வளைவாகச் செதுக்கி, இரும்புப் பட்டையால் இணைத்து வட்டச் சட்டம் செய்கிறார்கள். அதன்மேல் பதப்படுத்திய மாட்டுத் தோலைப் புளியங்கொட்டைப் பசை தடவி இழுத்து ஒட்டுகிறார்கள். சட்டத்தின் ஒரு பக்கம் மட்டுமே தோல், மறுபக்கம் திறந்திருக்கும். வாரை இடது தோளில் மாட்டி, கருவியை உடம்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். இடக்கையில் மெல்லிய, நீண்ட மூங்கில் குச்சி. இதற்குச் சிண்டுக்குச்சி என்று பெயர். வலக்கையில் குட்டையான, தடித்த குச்சி. இது அடிக்குச்சி, பெரும்பாலும் பூவரசங்கம்பில் செய்வது. இரண்டு குச்சியும் மாறி மாறி விழ, காலும் சேர்ந்து நடக்கும்போது அது பறையாட்டம் ஆகிறது. சில வட்டாரங்களில் இதையே தப்பு என்றும் தப்பாட்டம் என்றும் சொல்கிறோம்.

சப்பரத்து அடி, சாமிச்சாட்டு அடி, மருள் அடி, வாழ்த்தடி, மாரடிப்பு அடி, ஒத்தையடி என்று அடிகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. சாமி புறப்பாட்டுக்கு ஓர் அடி, அருள் இறக்க ஓர் அடி, இறந்தவருக்காக நெஞ்சில் அடித்து அழும் பெண்களுக்கு ஓர் அடி. எழுதிவைத்த பாடப் புத்தகம் கிடையாது. தகப்பனிடமிருந்தும் தாய்மாமனிடமிருந்தும் காதாலும் கையாலும் வாங்கிய படிப்பு இது.

பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் பேசுவதைப் 'பறைதல்' என்றே சொல்கிறார்கள். சேதி சொல்லும் கருவி என்பதால் பறை. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது. மலையிலும் காட்டிலும் வயலிலும் கடற்கரையிலும் மனிதர் வாழ்ந்த இடமெல்லாம் அந்தந்த நிலத்துக்கு ஒரு பறை இருந்திருக்கிறது. புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் பாடிய பாட்டு ஒன்றில், ஒரே ஊரில் ஒரு வீட்டில் சாவுப் பறையும் இன்னொரு வீட்டில் மண முழவும் ஒலிக்கின்றன. அதே நூலில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நான்கு குடிகளைச் சிறப்பித்துப் பாடுகிறார். அப்படிப் பெருமையோடு பாடப்பட்ட பெயர் பிற்காலத்தில் வசவானது. ஆங்கில அகராதியில் 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளில் ஏறிய 'பறையா' என்ற சொல்லும் இந்தக் கருவியின் பெயரிலிருந்து பிறந்ததே.

அடிக்கச் சொன்னவர்களே தடுத்தார்கள்

சாதி இந்தக் கருவியைக் கலை என்ற இடத்திலிருந்து இறக்கி, ஒரு தெருவின் தலையில் கட்டிய கடமை ஆக்கியது. ஊரில் யார் இறந்தாலும் கேதம் சொல்லப் போக வேண்டும், பறை அடிக்க வேண்டும், குழி வெட்ட வேண்டும். பேசிய கூலி கிடையாது. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். மறுத்தால் களத்து நெல் கிடைக்காது, வயல் வேலை கிடைக்காது, கடன் கிடைக்காது.

இன்னொரு கொடுமையையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930-ஆம் ஆண்டு ஆதிக்கச் சாதியினர் ஆதி திராவிடர்கள்மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது, சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வைத்துக்கொள்ளக் கூடாது, பெண்கள் பூ வைக்கக் கூடாது என்று அந்தப் பட்டியல் நீளும். மறு ஆண்டு, 1931-இல், தடைகள் பதினொன்றாயின. அவற்றில் ஒன்று, ஆதி திராவிடர் தங்கள் திருமணங்களில் மேளம் முதலிய இசை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் எழுதிய நூலில் இந்தப் பட்டியல் இருக்கிறது.

இதை நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அவர்கள் வீட்டுச் சாவுக்கு நாம் கட்டாயம் அடிக்க வேண்டும். நம் வீட்டுக் கல்யாணத்தில் நமக்காக இசை ஒலிக்கக் கூடாது. சத்தம் தொந்தரவு என்பது அவர்கள் காரணம் இல்லை. அந்த இசை யார் விருப்பத்துக்கு ஒலிக்கிறது என்பதே அவர்களுக்குப் பிரச்சினை. நம் மகிழ்ச்சிக்கு நாமே கொட்டினால் நாம் மனிதர்கள் என்று ஊருக்குத் தெரிந்துவிடும் அல்லவா?

இசைக்கு வலிமை இருக்கிறது என்பதை மேடையில் பேசுகிறவர்களைவிட, அதைத் தடை செய்தவர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

கீழே வைத்ததும் ஒரு வைத்தியம்

பறையால் வந்த காயத்துக்கு முதல் மருந்து பறையைக் கீழே வைத்தது. இதை நாம் மறைக்கத் தேவையில்லை. 'இனி ஊர்ச் சாவுக்கு அடிக்கமாட்டோம்' என்று பல ஊர்களில் நம் முன்னோர்கள் கூடி முடிவெடுத்தார்கள். சிலர் பறையை அடுப்பில் போட்டு எரித்தார்கள். எங்கள் பெரியப்பா எரிக்கவில்லை. பரண்மேல் ஏற்றிச் சாக்குப் போட்டு மூடிவைத்தார். மகன் எட்டாம் வகுப்பு முடித்த வருடம் அது. "இவன் தோள்ல இது ஏறக் கூடாது" என்று பெரியம்மாவிடம் சொன்னார். அந்த வருடம் எங்கள் தெருவில் யாருக்கும் அறுப்பு வேலை கிடைக்கவில்லை. பக்கத்து ஊர்களுக்கு நடந்து போய்ப் பிழைத்தோம். ஆனால் அன்று முதல் நடுச்சாமத்தில் தெருமுனையில் வந்து யாரும் 'வாடா' என்று கூப்பிடவில்லை.

இன்று சட்டம் நம் பக்கம் இருக்கிறது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955-இல் பின்னால் சேர்க்கப்பட்ட 7-அ பிரிவு, தீண்டாமையின் பேரில் செத்த பிராணிகளை அகற்றச் சொல்வது, தோலுரிக்கச் சொல்வது, அது போன்ற வேலைகளைக் கட்டாயப்படுத்துவது குற்றம் என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, 2015-இல் திருத்தப்பட்டபோது இன்னும் தெளிவாயிற்று. பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பிணம் சுமக்கவும் குழி வெட்டவும் கட்டாயப்படுத்துவது, கட்டாய வேலை வாங்குவது, மறுத்ததற்காக ஊர்விலக்கம் செய்வது அல்லது செய்வேன் என்று மிரட்டுவது ஆகிய எல்லாமே தண்டனைக்குரிய குற்றங்கள். 'பரம்பரை வழக்கம்' என்ற பேச்சு சட்டத்தின் முன்னால் நிற்காது.

மீண்டும் தோளில் ஏறியது

கீழே வைத்த பறையை மறுபடி எடுத்தவர்கள் வேறு காரணத்துக்காக எடுத்தார்கள். ஊர் கூப்பிட்டு அவர்கள் வரவில்லை. ஊரிடம் ஒன்று சொல்ல வந்தார்கள்.

சிவகங்கை மாவட்டம் மாரந்தையில் பிறந்த கே.ஏ. குணசேகரன் நாட்டுப்புறப் பாட்டைப் பல்கலைக்கழகத்துக்குள்ளும் போராட்டக் களத்துக்குள்ளும் ஒரே குரலில் கொண்டுபோனார். கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை அவர் பாடக் கேட்டு அழுதவர்களும் எழுந்து நின்றவர்களும் நம் தெருக்களில் இன்றும் இருக்கிறார்கள். பட்ட அவமானங்களை 'வடு' என்ற தன்வரலாற்றில் எழுதினார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராகவும், சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். 2016 ஜனவரியில் மறைந்தார். படித்து மேலே போனால் பாட்டை விட்டுவிட வேண்டும் என்று நினைக்கும் மாணவர்களுக்கு அவர் வாழ்க்கை ஒரு பதில்.

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்ற பெயரில் அறியப்பட்டவர். கோயில் பாட்டு என்றாலே மேல்நாட்டு மெட்டு அல்லது கருநாடக இசை என்று இருந்த இடத்தில், வயல்வெளிப் பாட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கிராமத்து மெட்டில் ஒரு முழு வழிபாட்டு முறையையே உருவாக்கினார். அதுவரை பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் வெட்கத்தோடு மறைத்த மெட்டு, வழிபாட்டு மேடையில் ஒலித்தபோது சனங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா நடத்திவந்த சக்தி கலைக்குழு இன்னொரு கட்டையும் உடைத்தது. பறை ஆண்களின் கருவியாக இருந்தது. பெண் தொட்டால் தீட்டு என்று நம் தெருவிலேயே சொன்னவர்கள் உண்டு. படிப்பை நிறுத்திவிட்ட தலித் பெண் பிள்ளைகளை அந்தக் குழு சேர்த்துக்கொண்டு பறையும், ஒயிலும், கும்மியும், கரகமும் கற்றுக்கொடுத்தது. கூடவே பிழைப்புக்கு ஒரு கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தது. நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நிற்கவே கூசிய பிள்ளைகள், பறையைத் தோளில் மாட்டி நடுத்தெருவில் காலை அகட்டி நின்று அடித்தார்கள்.

அமெரிக்காவைச் சேர்ந்த இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் நம் கலைஞர்களிடமே பறை கற்றுக்கொண்டவர். முனைவென்றி கிராமத்தின் குறிஞ்சி மலர் கலைக்குழுவைப் பற்றி 2011-இல் ஒரு ஆவணப்படம் எடுத்தார். அந்தப் படத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் 'இது ஓர் இசை' என்று வரும். அதை இசை என்று சொல்ல ஒரு படமே எடுக்க வேண்டியிருந்தது என்பதே நம் நிலைமையைச் சொல்லும். சக்தி கலைக்குழுவைப் பற்றியும் அவர் ஒரு படம் எடுத்திருக்கிறார்.

உடம்பு கற்கும் பாடம்

பறை எப்படி ஆற்றுகிறது? மந்திரம் ஒன்றும் இல்லை. பயிற்சியைப் பார்த்தாலே தெரியும்.

முதல் நாள் குச்சி பிடிப்பதில்லை. அடியை வாயால் சொல்லப் பழக வேண்டும். பிறகு கையால் தொடையில் தட்ட வேண்டும். பிறகு கால் வைக்க வேண்டும். கடைசியில் பறை. குனிந்த முதுகோடு இந்தக் கருவியை அடிக்க முடியாது. இடது தோள் விரிந்து, நெஞ்சு நிமிர்ந்தால்தான் குச்சி சரியாக விழும். தலையைத் தொங்கப் போட்டுப் பழகிய பிள்ளையின் உடம்பு, பாடம் எதுவும் கேட்காமலே நிமிரக் கற்றுக்கொள்கிறது. அடுத்து, வட்டம். பறையாட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே அடிக்க வேண்டும். முன்னால் போகிறவர் அடியை மாற்றினால் மற்றவர்கள் காதைக் கொடுத்து, அதே நொடியில் மாற வேண்டும். பக்கத்தில் நிற்பவரைப் பிடிக்காவிட்டாலும் அவர் அடியைக் கேட்டே தீர வேண்டும். பங்காளிச் சண்டை வட்டத்துக்குள் கரைந்ததற்குக் காரணம் அதுதான்.

துக்கத்துக்கும் அப்படியே. நம் தெருவில் ஒருவர் இறந்தால், அதிர்ச்சியில் அழுகை வராமல் கல்லாக உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்திருக்கிறோம். மாரடிப்பு அடி எழும்பும். மற்ற பெண்கள் கைகோத்து வட்டம் கட்டி ஒப்பாரி எடுப்பார்கள். அவளையும் இழுத்து நிறுத்துவார்கள். கை தானாக நெஞ்சுக்குப் போகும், பிறகு குரல் வரும், பிறகு கண்ணீர் வரும். தனியாக ஒருத்தி தாங்க முடியாத பாரத்தைத் தெருவே சேர்ந்து தூக்குகிற ஏற்பாடு அது. அந்த வீட்டுச் சாவு அவளுடையது, அந்தத் தெரு அவளுடையது, அடிக்கிறவர் அவளுக்குத் தம்பியோ மாமனோ. அதனால் அது ஆறுதல் ஆகிறது.

இதை மருத்துவத்துக்கு மாற்றாக நாங்கள் சொல்லவில்லை. தூக்கமின்றி, சாப்பாடின்றி, உயிரை வெறுத்துப் பேசுகிற ஒருவரை மருத்துவரிடம்தான் கூட்டிப்போக வேண்டும். பறை அதற்கு முன்னும் பின்னும் துணை நிற்கும்.

சேர்ந்து அடித்தால் போதுமா?

கடந்த சில ஆண்டுகளில் பறைக்குக் கிடைத்த மேடைகள் நமக்கு மகிழ்ச்சி தருகின்றன. மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசான் ஊர் ஊராகப் போய் மாணவர்களுக்குப் பறை கற்றுக்கொடுத்தவர். சமர் கலைக்குழுவை நடத்துகிறார். அவருக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சென்னையில் மணிமாறனும் மகிழினியும் நடத்தும் புத்தர் கலைக்குழு சாதி பார்க்காமல் எல்லோருக்கும் பறை கற்றுக்கொடுக்கிறது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில் உருவான 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்தியது. கானாவும் பறையும் கிட்டாரும் ஒரே மேடையில் நின்றன. அந்தக் குழுவின் பெயருக்கே அயோத்திதாசப் பண்டிதரின் சாதி பேதமற்ற தமிழர் என்ற சிந்தனைதான் தூண்டுதல். 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை', சபாக்களில் கச்சேரி நடக்கும் அதே மாதத்தில் ஒப்பாரிக்கும் கானாவுக்கும் பறைக்கும் மேடை போட்டது. அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழாவிலும் இன்று பறையொலி கேட்கிறது.

நகரத்தில் கணினி வேலை பார்க்கும் இளைஞர்களும், ஒருகாலத்தில் தெருமுனையில் நின்று கூப்பிட்ட வீட்டுப் பிள்ளைகளும்கூட இன்று பறை கற்கிறார்கள். வரட்டும். வரவேற்போம். ஆனால் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் ஊரில் சாவுக்கு இன்னும் ஒரே தெருவிலிருந்துதான் ஆள் வர வேண்டும் என்றால், மேடையில் எல்லோரும் சேர்ந்து அடிப்பதில் என்ன ஒற்றுமை இருக்கிறது? கல்லூரி விழாவில் உங்கள் தோளில் ஏறிய பறை, உங்கள் தாத்தா சாவில் இன்னொருவர் தோளில் மட்டும் ஏன் ஏற வேண்டும்?

மிருதங்கத்தைப் பாருங்கள். அதிலும் மாட்டுத் தோல் இருக்கிறது, ஆட்டுத் தோல் இருக்கிறது, எருமைத் தோல் இருக்கிறது. அதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். டி.எம். கிருஷ்ணா 2020-இல் அவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்று ஒரு நூலே எழுதினார். அந்தத் தோல் கச்சேரி மேடையில் ஏறியதும் மங்கலம் ஆகிறது. நம் தோளில் இருக்கும் தோல் மட்டும் அமங்கலமாகவே நிற்கிறது. தீட்டு தோலில் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நமக்குள்ளும் ஒரு கேள்வி இருக்கிறது. சில ஊர்களில் நாம் விட்ட வேலை நமக்கும் கீழே என்று நாமே நினைக்கும் தெருவின்மேல் விழுந்திருக்கிறது. நாம் அடிப்பதை நிறுத்திவிட்டு, நம் வீட்டுச் சாவுக்கு அருந்ததியர் தெருவிலிருந்து ஆள் கூப்பிடுகிறோம் என்றால், பெரியப்பாவைக் கூப்பிட்ட அந்தத் தெருமுனையில் இன்று நாம் நிற்கிறோம்.

எரிப்பதா, எடுப்பதா?

பறை அடிமைச் சின்னம், அதை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சொல்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பட்டதை வைத்துச் சொல்கிறார்கள். அதை மதிக்கிறோம். மேடையில் எவ்வளவு பேர் கைதட்டினாலும், திரும்பி ஊருக்கு வந்தால் 'கொட்டுக்காரன்' என்ற பெயரே காத்திருக்கிறது என்று அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. பறை நம் ஆதி இசை, அதை விட்டுக்கொடுத்தால் நம்மை இழிவுபடுத்தியவர்களுக்கே வெற்றி என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரியே.

எங்கள் முடிவை இந்தப் பத்தியில் பலமுறை ஜாடையாகச் சொல்லிவிட்டோம். இப்போது நேராகவே சொல்கிறோம். அடிக்கமாட்டேன் என்று சொல்ல முடிகிற இடத்தில் மட்டுமே பறை கலை. அப்படிச் சொல்ல முடியாத இடத்தில் அது வெட்டி வேலை. எங்கள் தெருக் கும்பிடில் பெரியப்பா அடித்தது தலை நிமிர வைத்தது, ஏனென்றால் அன்று அவர் வேண்டாம் என்றால் யாரும் அவரை அடிக்கப்போவதில்லை. இசை ஆற்றும், இசை உயர்த்தும், இசை சேர்க்கும். மூன்றுக்கும் இந்த ஒரு நிபந்தனைதான்.

செய்ய வேண்டியவை

பறை கற்க விரும்பும் மாணவர்கள் படிப்பை விட்டுவிட்டுக் கற்க வேண்டியதில்லை. கற்றுக்கொடுக்கும் ஆசானிடம் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள், அவருக்குரிய கட்டணத்தைக் கொடுங்கள், மேடையில் அவர் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் எத்தனை அடி தெரியும் என்று கேட்டு, கைப்பேசியில் பதிந்து வையுங்கள். அவர்களோடு சேர்ந்து போய்விடக்கூடிய பாடம் இது.

கலைக்குழு நடத்துகிறவர்கள் நிகழ்ச்சிக்கு முன்பே தொகையையும் நேரத்தையும் பேசி எழுதி வாங்குங்கள். சாப்பாடு தனிப் பந்தியிலா, எல்லோரோடுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சாராயத்தைக் கூலியாகவோ கூலியோடு சேர்த்தோ வாங்காதீர்கள். நம்மில் எத்தனை ஆசான்கள் அதனாலேயே ஐம்பது வயது தாண்டாமல் போனார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் செயல்படுகிறது. அதில் உறுப்பினராகப் பதிந்துகொள்ளுங்கள். மாவட்டக் கலை மன்றங்கள் வயது வாரியாகக் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என ஐந்து விருதுகள் வழங்குகின்றன. இளமணி 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு. பறைக் கலைஞர்களும் விண்ணப்பிக்கலாம். கலை பண்பாட்டுத் துறை அலுவலகத்தில் விவரம் கேளுங்கள்.

ஊரில் யாராவது கட்டாயப்படுத்தினாலோ, மறுத்ததற்காக வேலையையும் கடையையும் நிறுத்தினாலோ, காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். மாவட்ட ஆதி திராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலருக்கும் நகல் அனுப்புங்கள். வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566. கட்டணம் இல்லை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளி விழாவுக்குப் பறை வேண்டும் என்றால் காலனிப் பிள்ளைகளை மட்டும் எழுப்பி நிறுத்தாதீர்கள். வகுப்பையே வட்டமாக நிறுத்துங்கள். விருப்பமில்லாத பிள்ளை உட்காரட்டும், அது எந்தத் தெருப் பிள்ளையாக இருந்தாலும்.

பரணிலிருந்து இறங்கிய பறை

எங்கள் பெரியப்பா இறந்த அன்று ஊரிலிருந்து கொட்டுக்கு ஆள் வைக்கவில்லை. பக்கத்துத் தெருவிலும் போய் நிற்கவில்லை. கல்லூரியில் படிக்கும் அவர் பேத்தி ஏணி போட்டு ஏறி, சாக்கை விலக்கி, பரணிலிருந்த பறையை இறக்கினாள். தோலில் ஓர் ஓரம் எலி கடித்திருந்தது. வைக்கோல் கொண்டுவரச் சொல்லி, தாத்தாவின் கால்மாட்டில் அனல் மூட்டினாள். பெரியம்மா தடுப்பார் என்று நினைத்தோம். அவர் தோலை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் காட்டுத்தா" என்றார்.

அன்று அடிக்கச் சொல்லி அவளை யாரும் கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. சுடுகாடு வரை அவளே அடித்தாள்.